சுவாமிமலைக்குக் கீழே கிடக்கிற கல்லுக்கு எத்தனை வயசு? குமரிக்கண்டம், இராவணன், ஆதி மனிதன்

உவர்மலையான்
பெப்ரவரி 8, இரவு 9.12

சுத்தி வளைக்காமல் சொல்லுறன். திருகோணமலையில கோணேசர் கோயில் நிக்கிற சுவாமிமலைக்குக் கீழ கடலுக்குள்ள தூணும் படியுமாய்க் கிடக்கு. கடல் 120 மீட்டர் கீழ இருந்தது பனிக்காலத்தில. அப்ப அந்தக் கோயிலுக்கு வயசு 10,000க்கு மேல. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்குநல்லார் சொன்ன, கடல் கொண்ட 49 நாட்டில மிஞ்சின துண்டுதான் திருகோணமலை. மொரீஷியசுக்கு அடியில கண்டம் கிடக்கு எண்டு விஞ்ஞானிகளே ஒத்துக்கொண்டிட்டினம். மலையில இருக்கிற பாறைப் பிளவு, இராவணன் வெட்டைப் பாருங்கோ, அவ்வளவு நேராய் இயற்கை வெட்டுமோ? எரிமலை இல்லாமல் கன்னியாவில ஏழு கிணறு சுடுது. ஆதி மனிதன் தோன்றினது ஆபிரிக்காவில இல்லை, இஞ்சதான். "கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே" எண்டு சும்மாவா பாடினவை? மறுக்கிறவை ஆதாரத்தோட வாங்கோ.

பாகக்கயிறு
பெப்ரவரி 8, இரவு 10.40

ஒரு பதிவில ஆறு கதை. எனக்குத் தெரிஞ்சது கடல், அதை மட்டும் எடுக்கிறன்.

120 மீட்டர் சரி. கடைசிப் பனிக்காலத்தின்ர உச்சம் ஏறத்தாழ 20,000 வருஷத்துக்கு முந்தி. பிறகு கடல் ஏறி, 7,000 வருஷம் முந்தி கிட்டத்தட்ட இப்ப நிக்கிற மட்டத்துக்கு வந்திட்டுது. ஆனால் 120 மீட்டர் பதிஞ்சால் எவ்வளவு நிலம் வெளிச்சிருக்கும் எண்டது இடத்துக்கு இடம் வேற. கடல் வரைபடம் ஒண்டு எடுங்கோ. முதல்ல மூலையைப் பாருங்கோ: ஆழம் பாகத்திலயா மீட்டரிலயா எண்டு அங்க எழுதியிருக்கும். பழைய ஆங்கிலேயப் படங்கள் பாகத்தில. ஒரு பாகம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். 120 மீட்டர் எண்டால் 65, 66 பாகம். பாகப் படத்தில 120 எண்ட எண்ணைத் தேடினால் 220 மீட்டர் ஆழத்தில போய் நிப்பியள், "தாண்ட நிலம்" (மூழ்கின நிலம்) சும்மா பெருத்துப் போகும்.

இப்ப அந்த 65 பாகக் கோட்டைப் பென்சிலால இழுங்கோ. பாக்கு நீரிணைப் பக்கம் கோட்டுக்குள்ள முழுக்கடலும் அடங்கும், ஏனெண்டால் அங்க பெரும்பகுதி 10, 15 மீட்டர்தான். இலங்கையும் இந்தியாவும் அப்ப ஒரே தரை. திருகோணமலைப் பக்கம் கோடு கரையோட ஒட்டிக்கொண்டு வரும். கிழக்குக் கரையில கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டின ஆழம் குறைஞ்ச கடலடி, ஒடுங்கல். போதாததுக்கு மகாவலி விழுகிற கொட்டியாரக் குடாவுக்குள்ளயே கடலடிப் பள்ளத்தாக்கின்ர தலை வந்து நிக்குது. கோயில் மதிலடியில நிண்டு நீலத்திமிங்கிலம் பாக்கிற ஊர் இது. திமிங்கிலம் ஏன் இவ்வளவு கிட்ட வருது? ஆழம் கிட்ட இருக்கிறபடியால். 49 நாடு வேண்டாம், 4 நாட்டுக்கே இந்தப் பக்கத்தில இடம் இல்லை.

உவர்மலையான்
பெப்ரவரி 8, இரவு 10.58

அப்ப தூண்? அது கனவோ?

பாகக்கயிறு
பெப்ரவரி 9, காலை 6.20

கனவில்லை. 1956இல ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இறங்கிப் பாத்த கற்கள்தான். அந்தக் கடலில இருந்து எடுத்த இலிங்கம் இப்ப கோயிலில இருக்கு. பிரச்சினை தூண் இருக்கோ இல்லையோ எண்டதில்லை, அது எப்பிடிக் கிடக்கு எண்டதில.

நிண்ட இடத்திலயே கடல் ஏறி மூடின கட்டடம் எண்டால் அத்திவாரம் வரிசையாய் இருக்கவேணும், தூண் விழுந்தாலும் தன்ர பீடத்துக்குக் கிட்டக் கிடக்கவேணும். மேல இருந்து உருண்டு வந்த கல் எண்டால் மலையடிச் சரிவில குறுக்கும் நெடுக்குமாய், தலைகீழாய், உடைவு விளிம்போட கிடக்கும். சுவாமிமலையடியில கிடக்கிறது இரண்டாவது வகை. அலங்காரத் தூணுக்குப் பக்கத்தில வெறும் பாறைத் துண்டும் சேர்ந்து கிடக்கு.

கண்ணளவை நம்பாதேங்கோ. முகமூடிக் கண்ணாடிக்குள்ளால பாக்கேக்க பொருள் மூன்றில ஒரு பங்கு பெருத்துத் தெரியும், தூரம் நாலில ஒரு பங்கு குறைஞ்சு தெரியும். 30 சென்ரிமீட்டர்த் தூண் 40 மாதிரி. "மனிதன் செய்யேலாத ராட்சதத் தூண்" கதை பாதி இதிலதான் பிறக்குது. கோடு போட்ட அளவுகோலைக் கல்லிலயே சாத்திப் படம் எடுங்கோ. சிவப்பு நிறம் சில மீட்டருக்குள்ளயே செத்துப்போகும், விளக்கு இல்லாமல் எடுத்த படத்தைப் பாத்து "நீலக்கல்" எண்டு எழுதாதேங்கோ. வாடை முடிஞ்சு, மே தொடக்கம் செப்ரெம்பர் மட்டும் தண்ணி தெளிவு. மற்றக் காலத்தில உங்கட கையே உங்களுக்குத் தெரியாது.

ஏட்டுச்சுவடி
பெப்ரவரி 9, முற்பகல் 11.05

மேலே இருந்து உருண்டது என்றால் யார் உருட்டினார்கள் என்பதும் தெரிந்ததே. 1622இல் கொன்ஸ்தாந்தீனு த சா என்ற தளபதியின் காலத்தில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கோயிலை இடித்தார்கள். கல்லின் ஒரு பகுதி கோட்டைக்குப் போனது, ஒரு பகுதி கடலுக்குப் போனது. இன்று பிரட்றிக் கோட்டை என்கிறோமே, அதன் வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லும் கோயிலைக் கட்டியதாகக் கதை சொல்லும் அரசனைப் பற்றி "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் சிதைந்த பாட்டும் இருக்கின்றன. பாட்டின் பிற்பகுதியில் எழுத்து உடைந்து போனதால் ஆளுக்கொரு பாடம் சொல்கிறார்கள். "பூனைக்கண் செங்கண் புகைக்கண்" என்ற துண்டு பின்னால் ஆளவரும் அந்நியரைச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டு எந்தக் கண் எந்த நாட்டான் என்று சோதிடம் பார்ப்பவர்களும் உண்டு. அது வேறு இழை.

விக்கிரகங்களைக் கடலில் எறியவில்லை, புதைத்தார்கள். 1950இல் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. மண்ணுக்குள் போனதும் கடலுக்குள் போனதும் ஒரே சம்பவத்தின் இரண்டு பாதிகள். உவர்மலையான் ஒரு பாதியைப் பிய்த்தெடுத்துப் பனிக்காலத்தில் கொண்டுபோய் வைக்கிறார். அப்படி வைத்தால் இடித்தவன் பெயர் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். 400 வருடப் பழைய வழக்கில் குற்றவாளியை விடுவித்துவிட்டுக் கடலின் மேல் பழி போடுகிறோம்.

உவர்மலையான்
பெப்ரவரி 9, மாலை 4.31

சரி, இடிச்சது 1622. கட்டினது எப்ப? கோணேசர் கல்வெட்டு கலி 512 எண்டு சொல்லுது. கலியுகம் தொடங்கின கி.மு. 3102இல 512 போனால் கி.மு. 2590. எகிப்துப் பிரமிட்டுக் காலம். இதுக்கு என்ன சொல்லுறியள் ஐயா?

ஏட்டுச்சுவடி
பெப்ரவரி 9, இரவு 8.15

கழித்தல் சரி. கழிப்பதற்கு எடுத்த எண்ணில்தான் கேள்வி.

கோணேசர் கல்வெட்டு என்பது பெயருக்குத்தான் கல்வெட்டு. அது கவிராச வரோதயர் பாடிய நூல், கோயிலின் தொழும்பு (ஊழியம்), வருமானம், உரிமை எல்லாம் யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் நூல். உரிமைக்குப் பத்திரம் எழுதுபவன் தொடக்க ஆண்டைப் பழையதாக வைப்பதில் வியப்பில்லை. உண்மையான கல்லில் கிடைத்த ஆண்டு வேறு: கோட்டைக்குள் இருந்த கிரந்த எழுத்துச் சமஸ்கிருதச் சாசனம் சோடகங்கன் என்பவன் கோகர்ணத்துக்கு (திருகோணமலைக்கு) வந்ததைச் சக ஆண்டு 1145இல் வைக்கிறது. 78ஐக் கூட்டினால் 1223. குளக்கோட்டன் கதையின் வரலாற்று அடி இவன்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நிலாவெளியில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு கோணேசருக்கு 250 வேலி நிலம் விட்டதைச் சொல்கிறது. அதற்கும் முன்னே, 7ஆம் நூற்றாண்டில், சம்பந்தர் "கோணமா மலையமர்ந் தாரே" என்று பதிகம் முழுக்கப் பாடிவிட்டார்.

ஆகவே கையில் பிடிக்கக்கூடிய சான்று 1,300 வருடத்துக்கு மேலேயே போகிறது. அது போதாதா?

சம்பந்தர் என்றதும் நினைவு வந்தது. அந்தப் பதிகத்தின் எட்டாம் பாட்டில் இராவணன் வருகிறான், அதனால் இராவணன் இங்கே வாழ்ந்தான் என்று ஒரு வாதம் சுற்றுகிறது. சம்பந்தர் ஏறத்தாழ எல்லாப் பதிகத்திலும் எட்டாம் பாட்டை இராவணனுக்கும், ஒன்பதை மால் அயனுக்கும், பத்தைச் சமண சாக்கியருக்கும் ஒதுக்கியவர். எட்டாம் பாட்டைச் சான்றாக எடுத்தால் சோழநாட்டில் அவர் பாடிய ஊரெல்லாம் இலங்காபுரிதான்.

கச்சான்காத்து
பெப்ரவரி 10, மதியம் 1.50

கல்லுப் பக்கம் நான் வாறன். இராவணன் வெட்டு நேராய் இருக்கிறதுதான் அது இயற்கை எண்டதுக்கு முதல் அடையாளம். இந்தப் பக்கத்துப் பாறை உயர்நிலத் தொகுதி எண்ட பாறைப் பட்டையைச் சேர்ந்த உருமாறிய பாறை, 55 கோடி வருஷத்துக்கு முந்தியே பூமிக்கு ஆழத்தில வெந்து இறுகினது. மேல வரேக்க அழுத்தம் விடுபட்டு வெடிக்கும். வெடிப்பு ஒண்டுக்கொண்டு சமாந்தரமாய், கத்தியால கீறினமாதிரி வரும். அதில ஒண்டுக்குள்ள அலை புகுந்து அடிச்சடிச்சு வாயை விரிச்சால் ஒரு "வெட்டு".

சோதிக்கிறது கஷ்டமில்லை. திசைகாட்டியை எடுத்து வெட்டின்ர போக்கு எத்தனை பாகை எண்டு குறியுங்கோ. பிறகு அக்கம்பக்கத்துப் பாறையில உள்ள சின்ன வெடிப்பு இருபதையும் அளவுங்கோ. ஒரே பாகையை ஒட்டிக் கூட்டமாய் விழுந்தால் அது வெடிப்புக் குடும்பம். இரும்புக் கம்பிவேலிக்குக் கிட்ட நிண்டு அளந்தால் ஊசி வேலியைத்தான் காட்டும், இரண்டு மூண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கோ.

மனிதன் பிளந்த கல்லுக்கு வேற முகம். விளிம்பில ஆப்புக்குழி வரிசை இருக்கும், பிளந்த பிறகு ஒவ்வொரு துண்டிலயும் அரைக்குழி மிஞ்சும். உளி சரிஞ்சு போன கோடு இருக்கும். "லேசர்" எண்டுறவைக்கு: அந்தச் சூட்டில கல் உருகிக் கண்ணாடியாய்ப் படிஞ்சிருக்கவேணும். வெட்டில கிடக்கிறது பாசியும் புறா எச்சமும்.

கச்சான்காத்து
பெப்ரவரி 10, மதியம் 2.15

கன்னியாவை விட்டிட்டன். எரிமலை தேவையில்லை. மழைத்தண்ணி வெடிப்பு வழியாய் ஆழத்துக்கு இறங்கும், கிலோமீட்டருக்குச் சுமார் 25 பாகை வீதம் சுடும், வேற வெடிப்பு வழியாய்க் கெதியாய் ஏறி வரும். மேல தரை 28, கிணத்துத் தண்ணி 41 எண்டால் வித்தியாசம் 13. குறைஞ்சது அரைக் கிலோமீட்டர் இறங்கி ஏறியிருக்கவேணும். வாற வழியில குளிர்ந்த நிலத்தடி நீர் கலக்கிறபடியால் உண்மையான ஆழம் இன்னும் கூட. ஒவ்வொரு கிணத்திலயும் கலப்பு வேற, சூடும் வேற, அவ்வளவுதான் அந்த ஏழின்ர இரகசியம். மகாஓயா, அம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலஸ்ஸ எண்டு மற்ற வெந்நீர் ஊற்றுகளையும் படத்தில குறிச்சுக் கோடு இழுத்தால், உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதி எண்ட மற்றப் பாறைப் பட்டையும் முட்டுற எல்லையை ஒட்டியே போகும். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் ஏழு இடத்தில ஈட்டியால குத்தினான் எண்ட கதை அந்தியேட்டிக்குப் போறவைக்குரியது. அதில நான் கை வைக்கேல்லை.

காய்ச்சல் பாக்கிற வெப்பமானியோட போகாதேங்கோ. அது 42க்கு மேல காட்டாது, ஏறின அளவில நிண்டுவிடும். உதறாமல் கிணத்துக்குக் கிணறு தோய்ச்சுப்போட்டு "ஏழும் ஒரே சூடு, அதிசயம்" எண்டு எழுதவேண்டி வரும்.

பாகக்கயிறு
பெப்ரவரி 10, இரவு 9.30

குமரிக்கண்டத்தோட சேர்த்துச் சொல்லுற தாண்ட கண்டம், லெமூரியாவுக்கு வருவம். ஹெக்கல் எண்ட ஜேர்மன்காரன் வைச்ச பேர் அது, மனிதன் அங்கதான் தோன்றினான் எண்டு.

ஏட்டுச்சுவடி
பெப்ரவரி 10, இரவு 9.44

பெயர் வைத்தவர் அவரில்லை. பிலிப் ஸ்கிளேற்றர், விலங்கியலாளர், 1864. லெமூர் வகை விலங்கு மடகஸ்காரிலும் இந்தியாவிலும் தென்படுகிறதே, நடுவில் தரை இருந்திருக்கவேண்டும் என்று ஊகித்தார். மனிதனை அங்கே குடியேற்றியவர்தான் ஹெக்கல்.

பாகக்கயிறு
பெப்ரவரி 10, இரவு 10.20

திருத்தத்துக்கு நன்றி, மேல எழுதினது பிழை, அப்பிடியே கிடக்கட்டும்.

வரிசையைப் பாருங்கோ. 1864இல லெமூருக்குப் பாலம். பிறகு ஹெக்கல் மனிதனை ஏத்தினார். அவரை வாசிச்சுப்போட்டு தியூபுவா எண்ட வைத்தியர் ஆசியாவில தேடி, 1891இல ஜாவாவில பழைய மனித எலும்பு எடுத்தார், அது நல்லதாய் முடிஞ்சுது. 1888இல, பிரம்மஞான சபையைத் தொடங்கினவைக்குள்ள ஒருத்தியான பிளவாற்ஸ்கி அம்மையார் லெமூரியரை "மூன்றாம் மூல இனம்" ஆக்கினா. முட்டையிடுற மனிசர், ஆண் பெண் பிரியாத மனிசர். பிரம்மஞான சபையின்ர தலைமையகம் 1882இல இருந்து அடையாறில. சென்னையில கதை இறங்கினால் தமிழுக்கு வர எவ்வளவு நேரம்? வந்து சேரேக்க முட்டையை மட்டும் இறக்கிப்போட்டு வந்திட்டினம்.

1912இல வெகெனர் கண்டங்கள் நகருது எண்டார். 1960களில புவித்தட்டுக் கோட்பாடு நிலைச்ச பிறகு பாலமே தேவையில்லாமல் போச்சு. மடகஸ்காரும் இந்தியாவும் பிரிஞ்சது ஏறத்தாழ 8 கோடி 80 லட்சம் வருஷம் முந்தி. அப்ப டைனோசர் உயிரோட. மனித வழி சிம்பன்சி வழியில இருந்து பிரிஞ்சது 60, 70 லட்சம் வருஷத்துக்குள்ள. நடுவில 8 கோடி வருஷ வெற்றிடம். உந்தத் துண்டில ஏறி வந்த தமிழன் டைனோசரோட என்ன மொழியில கதைச்சான்?

மொரீஷியஸ் செய்தியும் இதேதான். 2013இலயும் 2017இலயும் அங்க கிடைச்சது சேர்க்கன் எண்ட மணிக்கல், சிலது 300 கோடி வருஷப் பழசு. தீவு எரிமலைக் கல், வயசு 90 லட்சம் அளவில. அடியில பழைய கண்டத் துண்டு மாட்டிக்கொண்டு கிடக்கு எண்டது அதின்ர பொருள். ஊர் கிடக்கு எண்டு ஒருத்தரும் எழுதேல்லை.

ஏட்டுச்சுவடி
பெப்ரவரி 11, காலை 7.02

49 நாடு பற்றி. அடியார்க்குநல்லார் பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம் என்கிறார். காவதத்துக்குப் பத்து மைல் என்ற பரவலான கணக்கை எடுத்தால் 7,000 மைல். கன்னியாகுமரியிலிருந்து தென்துருவமே சுமார் 6,780 மைல்தான். அந்த 49இல் வரும் தெங்கநாட்டுத் தென்னையைத் துருவத்துக்கு அப்பால் நட்டிருக்கவேண்டும். காவதத்தைச் சுருக்கி எடுப்பவர்கள் உண்டு, ஆனால் சுருக்குகிறவர் எதனால் சுருக்குகிறார் என்று கேளுங்கள். கணக்கு இடிக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் வராது.

சங்கக் கணக்கும் அப்படியே. இறையனார் களவியல் உரை தலைச்சங்கத்துக்கு 4440, இடைச்சங்கத்துக்கு 3700, கடைச்சங்கத்துக்கு 1850 ஆண்டு தருகிறது. மூன்றும் 37இன் மடங்கு: 120, 100, 50 தடவை. வாழ்ந்த காலம் இப்படி வகுபடாது. அரசர் 89, 59, 49. இடைச்சங்கத்தில் வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பாண்டியனும் சராசரி 62 வருடத்துக்கும் மேல் ஆள்கிறான், 59 பேர் தொடர்ந்து.

"குமரிக் கோடுங் கொடுங்கடல் கொள்ள" என்ற சிலப்பதிகார அடி இதைவிட அடக்கமானது. ஓர் ஆறும் ஒரு மலையடுக்கும் போயின என்கிறது, கண்டம் போனதாக இல்லை. "குமரிகண்டம்" என்ற சொல் கந்தபுராணத்தில் வருகிறது, அங்கே அது பரதன் என்ற அரசன் தன் எட்டு மகன்மாருக்கும் குமரி என்ற மகளுக்கும் பிரித்துக்கொடுத்த ஒன்பது பங்கில் ஒன்று. மூழ்கவே இல்லை.

உவர்மலையான்
பெப்ரவரி 11, மாலை 6.10

கொஞ்சம் கூட விடமாட்டியள் போல. 2004 சுனாமியைக் கண்ட ஊர் இது. கடல்கோள் பொய்யெண்டு இஞ்ச ஆருக்குச் சொல்லப் போறியள்?

பாகக்கயிறு
பெப்ரவரி 11, இரவு 7.55

பொய்யெண்டு சொல்லேல்லை தம்பி. சுனாமி வரும், அடிக்கும், ஆளையும் ஊரையும் கொண்டு போகும், தண்ணி திரும்பிப் போகும். நிலம் அங்கயே கிடக்கும், 2004இல கிடந்த மாதிரி. பனி உருகி ஏறின கடல் திரும்பிப் போகாது, ஆனால் 13,000 வருஷத்தில 120 மீட்டர், சராசரி வருஷத்துக்கு ஒரு சென்ரிமீட்டருக்கும் குறைவு. சில காலம் கெதியாய் ஏறினதுதான், எண்டாலும் ஓடித் தப்பவேண்டிய வேகமில்லை. கதையில இரண்டையும் ஒட்டி ஒரே இரவில கண்டத்தைத் தாட்டுவினம்.

ஒண்டு விட்டுத் தாறன், முதல் நாள் அதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை. தாண்ட நிலம் தேடுறதெண்டால் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலடியில இருக்கிற வாட்ஜ் மேட்டைப் பாருங்கோ. அந்த 65 பாகக் கோடு அங்க நல்லாய்த் தள்ளிப் போகும், பனிக்காலத்தில அது காய்ஞ்ச தரை. மன்னார்க் குடாவில கரையை ஒட்டின ஆழம் குறைஞ்ச பகுதியும் அப்பிடி. ஓர் ஆறும் மலையும் போன நினைவு எண்டால் அந்தப் பக்கம் கேட்கலாம். இந்தியாவோட செய்த 1976 கடல் எல்லை ஒப்பந்தத்துக்கு முந்தி எங்கட இழுவைப்படகுகளும் அந்த மேட்டில மீன் பிடிச்சவை.

கச்சான்காத்து
பெப்ரவரி 12, காலை 10.30

ஆதி மனிதன் மிச்சம். மொரோக்கோவில ஜெபல் இர்ஹூத் எலும்பு ஏறத்தாழ 3 லட்சம் வருஷம், 2017இல வெளிவந்தது. சென்னைக்குக் கிட்ட அத்திரம்பாக்கத்தில 3,85,000 வருஷக் கல்லாயுதம் கிடைச்சிருக்கு, 2018இல. உடன ஆரும் துள்ளவேண்டாம்: அங்க கிடைச்சது ஆயுதம், எலும்பில்லை. செய்தவன் எங்கட இனமோ அதுக்கு முந்தினவனோ எண்டு கல் சொல்லாது. இலங்கையில பாகியங்கலைக் குகையில 48,000 வருஷ மட்டத்தில நுண்கல் ஆயுதமும் எலும்பு அம்புமுனையும் இருக்கு. மழைக்காட்டில குரங்கும் அணிலும் வேட்டையாடின ஆக்கள். உலகத்தில முதல் ஆள் எண்ட பட்டம் இல்லாமலே அது பெரிய விசயம்.

ஏட்டுச்சுவடி
பெப்ரவரி 12, முற்பகல் 11.20

"கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளொடு முன்தோன்றி மூத்த குடி." புறப்பொருள் வெண்பாமாலை, கரந்தைப் படலம், குடிநிலை. பசுக் கவர்ந்தவரிடமிருந்து மீட்கும் மறவர் குடியின் பழமையைச் சொல்லும் உயர்வு நவிற்சி. மலை தோன்றி வயல் தோன்றாத காலம், குறிஞ்சி இருந்து மருதம் இல்லாத காலம் என்று பொருள் கொள்வாரும் உண்டு, எனக்கும் அதுதான் பொருந்துகிறது. நேரே நிலவியலாக எடுத்தால், மண்ணே இல்லாதபோது வாளுக்கு இரும்பு எங்கே எடுத்தான், எந்த விறகில் உருக்கினான்?

உவர்மலையான்
பெப்ரவரி 12, மாலை 5.45

கல்லுக்குக் கரிமக் காலக்கணிப்புச் செய்து முடிச்சுப்போட்டுக் கதைப்பம்.

பாகக்கயிறு
பெப்ரவரி 12, மாலை 6.30

செய்யேலாது. கரிமக் கணிப்பு உயிரோட இருந்த பொருளுக்கு மட்டும், அதுவும் 50,000 வருஷத்துக்குள்ள. தூணில வளர்ந்த பவளத்தையோ சிப்பியையோ அளக்கலாம், ஆனால் அது சொல்லுறது கல் எப்ப கடலுக்குள்ள கிடந்தது எண்டு மட்டும். செதுக்கின காலத்தை அது சொல்லாது. கடல் உயிருக்கு இன்னொரு பிழையும் உண்டு: கடல்நீரில பழைய கரிமம் கலந்திருக்கிறபடியால் சராசரி 400 வருஷம் கூட்டிக் காட்டும். 1650இல வளர்ந்த பவளம், திருத்தாமல் வாசிச்சால் 1250 எண்டு வரும். பறங்கி வரமுந்தியே கோயில் தாண்டிட்டுது எண்டு அடுத்த இழை திறப்பியள்.

செதுக்கின காலத்துக்குச் செதுக்கு வடிவத்தைப் பாக்கவேணும்: அடித்தளத்தில ஜகதி எண்ட கீழ்வரி எப்பிடி, அதுக்கு மேல வாற குமுதம் உருண்டையோ பட்டையோ, தூண் தலையில போதிகை எப்பிடி வளையுது. தூக்கி வந்து பாக்க நினைக்காதேங்கோ, 1815க்கு முந்தின தொல்பொருளை அனுமதி இல்லாமல் அசைச்சால் சட்டம் பிடிக்கும். படம் போதும்.

ஏட்டுச்சுவடி
பெப்ரவரி 12, இரவு 7.10

கடலுக்குள் போக முன்னர் கோட்டை வாசலில் நின்று பாருங்கள். வெயில் சாய்ந்து கல்லை உரசும் நேரம்தான் கயலும் எழுத்தும் எழும்பித் தெரியும், உச்சி வெயிலில் வெறும் சுவர். உள்ளே படையினர் இருக்கிறார்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள். எழுத்தில் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள், ஏற்கெனவே பூசிப் பூசித்தான் பாதி போயிற்று.

உவர்மலையான்
பெப்ரவரி 14, இரவு 9.50

10,000த்தை விட்டிட்டன். கன்னியாவையும் விட்டிட்டன். குமரியை விடேல்லை. வாட்ஜ் மேட்டுப் படம் ஒண்டு எடுத்து வைச்சுக் கோடு கீறிக்கொண்டிருக்கிறன், நிலம் நீங்கள் சொன்னதைவிட இரண்டு மடங்கு வருது.

பாகக்கயிறு
பெப்ரவரி 14, இரவு 9.58

மூலையில பாகமா மீட்டரா?

உவர்மலையான்
பெப்ரவரி 14, இரவு 10.21

பாகம். அழிச்சுப்போட்டுத் திரும்பக் கீறுறன்.